‘அதே’ நோட்டு

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் நான் உட்காரும் இடம் மாடியில். கீழே பாயின் தையல்கடை. என்னிடம் எடை குறைத்துக்கொண்டு படியிறங்குகிறவர்கள் நேராக அவர் மேஜைக்குத்தான் போவார்கள். ஜாக்கெட் தொளதொளக்கிறது, சுடிதார் தோளில் நிற்கவில்லை, பேண்ட் இடுப்பில் நழுவுகிறது, கொஞ்சம் பிடித்துக் கொடுங்கள் பாய். அவர் குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு, அளவு பார்த்து, பிடித்துக் கொடுப்பார். “உங்களால எனக்குப் பொழப்பு ஓடுதும்மா” என்று சிரிப்பார்.

ஒருநாள் கரண்ட் இல்லாத மத்தியானம், கீழே போய்க் காற்றுக்காக உட்கார்ந்திருந்தேன். தைத்து முடித்து அடுக்கியிருந்த ஒரு ஜாக்கெட்டை எடுத்து உட்புறம் திருப்பினேன். இரண்டு பக்கமும் மூன்று விரல் அகலத்துக்குத் துணி மடிந்து கிடந்தது.

“இதை வெட்டிடலாமே பாய், உறுத்தாதா?”

“வெட்டறது ஒரு நிமிஷ வேலை டாக்டரம்மா. ஒரு வருஷத்துல பிரிச்சு விடச் சொல்லித் திரும்ப வருவாங்க. அப்பத் துணிக்கு எங்க போறது?”

“எல்லாருமா வர்றாங்க?”

“முக்காவாசி.”

நான் டாக்டர் இல்லை, உணவு ஆலோசகர் என்று அவரிடம் பலமுறை சொல்லிவிட்டேன், அது எடுபடவில்லை. அன்று நான் வாயடைத்துப் போனதற்குக் காரணம் வேறு. மாடியில் என் பீரோவில் நானூறுக்கு மேல் ஃபைல்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் வந்த தேதி, வந்த எடை, வாரவாரம் குறைந்த கணக்கு, கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் ‘இலக்கு எட்டப்பட்டது’. அதற்குப் பிறகு என்ன ஆனது என்பதற்கு ஒரு பக்கம்கூட இல்லை. ஃபைலை அந்தத் தேதியோடு நான் மூடிவிடுவேன். என் தொழிலின் பலன் என்னவென்று என்னைவிடத் தையல்காரருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

*

தொண்ணூறுகளின் நடுவில் நான் படித்தபோது எங்களுக்கு ஒரு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு கிலோ உடல் கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. நாளுக்கு 500 கலோரி குறைத்துச் சாப்பிட்டால் வாரத்துக்கு அரைக் கிலோ போகும். வகுத்தால் விடை வரும் சுத்தமான கணக்கு. அதை வைத்துக்கொண்டு ஒரு தனியார் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே எனக்கு முன்னால் இருந்தவர் அச்சடித்து வைத்துவிட்டுப்போன டயட் சீட்டு கட்டுக்கட்டாக இருந்தது: காலை மூன்று இட்லி, தேங்காய் இல்லாத சட்னி, பதினோரு மணிக்கு மோர், மதியம் ஒரு கப் சோறு. எடைக்கு ஏற்ப 1,200, 1,500 என்று இரண்டு ரகம். மீனவக் குப்பத்திலிருந்து வந்தவருக்கும் வங்கி அதிகாரிக்கும் அதே சீட்டுதான்.

தனியாகக் கிளினிக் வைத்தபோது சீட்டைத் தூக்கிப் போட்டேன். ஆளுக்கேற்ற உணவு எழுதினேன். மீன் குழம்பு சாப்பிடுகிறவருக்கு மீன் குழம்பு, காலையில் ரொட்டி இல்லாமல் முடியாது என்கிற பழைய பிரெஞ்சுக் குடும்பத்தாருக்கு ரொட்டி. எடை குறைந்தது. ஊரில் பெயர் வந்தது. அந்தப் பெயர் தலைக்கு ஏறிய நாட்களில்தான் சுவரில் போட்டோ மாட்டினேன்.

போட்டோவில் இருந்தவர் லாஸ்பேட்டையிலிருந்து வந்த ஒரு பள்ளி ஆசிரியை. 2009ஆம் ஆண்டு. 86 கிலோவோடு வந்து, எட்டு மாதத்தில் 68க்கு இறங்கினார். பதினெட்டு கிலோ! முன்னே ஒரு படம், பின்னே ஒரு படம், இரண்டையும் சேர்த்துச் சட்டம் போட்டு, அவர் சம்மதத்தோடு, வருகிறவர் கண்ணில் முதலில் படும் இடத்தில் ஆணி அடித்தேன். “டீச்சரால முடிஞ்சது, உங்களால முடியாதா?” என்று அந்தப் படத்தைக் காட்டி எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன்!

2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கரையைக் கடந்தது. ஊர் முழுக்க மரங்கள் சாய்ந்து கிடந்தன. பொட்டானிக்கல் கார்டனில் நூறு வருஷ மரங்களெல்லாம் வேரோடு மல்லாந்திருந்தன. கரண்ட் வர நாளாயிற்று. பொங்கலுக்கு முன் ஒரு சாயங்காலம், மெழுகுவத்தி வெளிச்சத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது டீச்சர் படியேறி வந்தார். இரண்டு வருடமாக அவரைப் பார்க்கவில்லை. வாசலிலேயே நின்றார்.

“மேடம், அந்தப் போட்டோவை எடுத்துடுங்க.”

நிமிர்ந்து பார்த்ததும் புரிந்தது. பிறகு எடை பார்த்தபோது 83.

“இந்தத் தெருப்பக்கமே வர்றதில்ல மேடம். மார்க்கெட்டுக்கு வரணும்னாக்கூட சுத்திப் போறேன். எங்க ஸ்கூல் பசங்களோட அம்மா ஒருத்தங்க இங்க வந்துட்டு, ‘உங்க போட்டோ பார்த்தேன் டீச்சர்’னு சொல்றாங்க. சொல்லிட்டு என்னை மேலயும் கீழயும் பார்க்கறாங்க.”

படத்தைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைப் பையில் வைக்கவில்லை. கவிழ்த்து மேஜைமேல் வைத்தார். “நீங்க கொடுத்ததையெல்லாம்தான் சாப்பிட்டேன். எங்க தப்புப் பண்ணேன்னு மட்டும் சொல்லுங்க” என்றார். பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

*

பதில் வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. அந்தச் சில மாதங்களில்தான், 2011 அக்டோபரில் வெளியான ஒரு ஆஸ்திரேலிய ஆய்வைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. மெல்போர்னில் ஐம்பது பேருக்குப் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரி உணவு கொடுத்து எடையைக் குறைத்திருக்கிறார்கள். சராசரியாக 13 கிலோவுக்கு மேல் போயிருக்கிறது. அதன்பின் ஒரு வருடம் கழித்து அவர்கள் ரத்தத்தைச் சோதித்திருக்கிறார்கள். பசியைக் கிளப்பும் கிரெலின் பழைய அளவைவிடக் கூடுதலாகவே இருந்தது. கையிருப்புக் கொழுப்பு போதும் என்று மூளைக்குச் செய்தி சொல்லும் லெப்டின் குறைவாகவே இருந்தது. ஒரு வருடம் ஆகியும் உடம்பு பட்டினிக் காலத்தை மறக்கவில்லை. அவர்களும் முன்பைவிட அதிகமாகப் பசிப்பதாகவே சொல்லியிருக்கிறார்கள்.

அதற்கும் முன்னால், 1995இல், நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ரூடால்ஃப் லைபலும் அவர் கூட்டாளிகளும் செலவுப் பக்கத்தை அளந்திருந்தார்கள். பத்து சதவீதம் இளைத்த உடல் முன்பைவிடக் குறைவாகச் செலவழிப்பது இயல்பு. சின்ன வண்டிக்குச் சின்ன எஞ்சின் போதும். ஆனால் அந்தக் கணக்கையும் தாண்டி, அதே எடையில் இயல்பாக இருக்கும் இன்னொருவரைவிடவும் அது சிக்கனம் பிடித்தது. பின்னால் 2016இல் வெளியான ஆய்வு ஒன்றில், அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் கலந்துகொண்டு இளைத்த 14 பேரை ஆறு வருடம் கழித்துக் கெவின் ஹால் குழுவினர் மறுபடி சோதித்தார்கள். போட்டியில் சராசரியாக 58 கிலோ இழந்தவர்கள் அதில் 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். எடை திரும்பிய பிறகும் அவர்கள் உடம்பு சும்மா இருக்கும்போது செலவழித்தது, எதிர்பார்த்ததைவிட நாளுக்கு 500 கலோரி குறைவு.

அன்று எனக்குத் தெரிந்திருந்த அளவுக்கு இதை டீச்சரிடம் நான் வீட்டுக் கணக்காகச் சொன்னேன். சம்பளம் பாதியான வீட்டில் அம்மா என்ன செய்வாள்? செலவைப் பிடிப்பாள், வரவைத் தேடுவாள். நீங்கள் இளைத்தபோது உங்கள் உடம்பு அதைத்தான் செய்தது. செலவைக் குறைத்தது, பசியைக் கூட்டி வரவைத் தேடியது. நாம் அதை அழகு என்று கொண்டாடினோம்; அது பஞ்சம் என்று எடுத்துக்கொண்டது. நீங்கள் தப்புச் செய்யவில்லை. பஞ்சம் முடிந்தது என்று அது நம்பும் வரை காவல் இருக்க வேண்டியிருந்தது. அந்த நேரம் பார்த்து நான் ஃபைலை மூடிவிட்டேன்.

டீச்சர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப இதுக்கு முடிவே இல்லையா?” என்றார்.

அதற்கும் எனக்கு அன்று சரியான பதில் தெரியாது. ஆனால் பாயின் ஜாக்கெட் நினைவுக்கு வந்தது. “முதல்ல குறைக்க வேண்டாம் டீச்சர். மூணு மாசம் இந்த 83லயே நிப்போம். ஏறாம இருக்கக் கத்துக்கலாம். அப்புறம் பார்த்துக்கலாம்” என்றேன். கிளினிக்குக்கு வந்து எடையைக் குறைக்காதே என்று சொல்லக் கேட்டது அவருக்கு அதுதான் முதல் தடவை. எனக்கும் அதைச் சொன்னது முதல் தடவை.

குருட்டாம்போக்கில் சொன்னது முற்றிலும் குருட்டுத்தனம் இல்லை என்று பின்னால் தெரிந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 267 பெண்களை வைத்து இதையே சோதித்திருக்கிறார்கள். ஒரு பகுதியினர் எட்டு வாரம் எடையை நிலையாக வைக்கப் பழகிவிட்டுப் பிறகு குறைத்தார்கள். மற்றவர்கள் வழக்கம்போல முதலில் குறைத்துவிட்டுக் கடைசியில் பழகினார்கள். இரு பகுதியினரும் ஏறத்தாழ ஒரே அளவு இளைத்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், நிற்கப் பழகியவர்களுக்கு ஒன்றரைக் கிலோவுக்குள்தான் ஏறியிருந்தது. மற்றவர்களுக்கு மூன்று கிலோவுக்கு மேல்.

*

நிற்பது எப்படி என்று எனக்குக் காட்டியவர் ஒரு பெரியவர். தெருவில் எல்லாரும் அவரை முசே என்பார்கள். சொல்தா குடும்பம். பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்து, பிரான்ஸிலேயே சில காலம் இருந்து, பென்ஷனோடு ஊருக்குத் திரும்பியவர். என்னிடம் அவர் எடைக்காக வரவில்லை. மனைவிக்குச் சுகர் என்று அழைத்துக்கொண்டு வந்தார். பேச்சுவாக்கில், நாற்பது வயதில் பெருத்துப்போய் பதினைந்து கிலோ குறைத்ததாகவும் இருபத்தைந்து வருடமாக அப்படியே இருப்பதாகவும் சொன்னார். எழுந்து நின்று பெல்ட்டைக் காட்டினார். ஒரே ஒரு ஓட்டை.

“கடைக்காரன் அஞ்சு ஓட்டை போட்டுத் தருவான். நான் ஒண்ணுதான் போடச் சொல்வேன் மேடம். காலையில அதுல கொக்கி ஏறலைன்னா, அன்னைக்கு பீச்ல ஒரு சுத்து கூட. ராத்திரி சூப்போட சரி. ரெண்டு மூணு நாள்ல ஏறிடும். அஞ்சு ஓட்டை இருந்தா அடுத்த ஓட்டைக்குப் போயிடலாமில்ல?”

அவர் தினமும் காலையில் ரொட்டி சாப்பிடுகிறவர், வெண்ணெய் தடவி. ஞாயிற்றுக்கிழமை ஒரு கிளாஸ் ஒயினும் உண்டு. நான் விலக்கச் சொல்லும் பொருள்கள் பட்டியலில் பாதி அவர் மேஜையில் இருந்தது. ஆனால் விடியற்காலை ஐந்தரைக்குத் துய்ப்ளே சிலையில் ஆரம்பித்து, காந்தி சிலையைத் தாண்டி, பழைய சாராய ஆலை வரை போய்த் திரும்புவார். இரண்டு தடவை. மழை நாளில் வீட்டு நடுக்கூடத்தில் குடையில்லாமல் சுற்றுவதாகச் சொல்லிச் சிரித்தார்.

அமெரிக்காவில் ரீனா விங், ஜேம்ஸ் ஹில் என்ற இருவர் 1994இல் ஒரு பதிவேடு தொடங்கினார்கள். 13.6 கிலோவாவது குறைத்து, ஒரு வருடமாவது அதைக் காத்தவர்கள் அதில் பெயர் கொடுக்கலாம். பத்தாயிரம் பேருக்கு மேல் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் எப்படிக் குறைத்தார்கள் என்பதில் ஒற்றுமை அதிகம் இல்லை. எப்படிக் காத்தார்கள் என்பதில் உண்டு. பத்தில் ஒன்பது பேர் சராசரியாக நாளுக்கு ஒரு மணி நேரம் உடம்பை அசைக்கிறார்கள், பெரும்பாலும் நடை. நான்கில் மூன்று பேர் வாரம் ஒருமுறையாவது எடை பார்க்கிறார்கள். கிட்டத்தட்ட அதே அளவினர் காலை உணவைத் தவறவிடுவதில்லை. ஜெயித்தவர்களை மட்டும் கேட்டு எழுதிய ஏடு என்பதால், இவற்றால்தான் ஜெயித்தார்கள் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் படிக்கப் படிக்க எனக்கு முசேயின் பெல்ட் தெரிந்தது.

அதே ரீனா விங் நடத்திய இன்னொரு ஆய்வு 2006இல் வந்தது. எடை குறைத்த 314 பேர், பதினெட்டு மாதம். வெறும் செய்தி மடல் மட்டும் அனுப்பிய பிரிவில், நூற்றுக்கு 72 பேருக்கு 2.3 கிலோவோ அதற்கு மேலோ திரும்ப ஏறியது. தினமும் எடை பார்க்கச் சொல்லி, கோடு தாண்டினால் என்ன செய்வது என்று கற்றுக்கொடுத்து, நேரில் கூட்டி உட்கார வைத்த பிரிவில் 46 பேர். இணையத்தில் கூடியவர்கள் நடுவில், 55. நேருக்கு நேர் முகம் பார்ப்பதில் ஏதோ இருக்கிறது.

அப்படித்தான் ஃபைல்கள் போக இரண்டாவதாக ஒரு நோட்டு தொடங்கியது. குறைத்து முடித்தவர்களுக்கு மட்டும். ஆளுக்கு நான்கு பக்கம். புதன்கிழமை சாயங்காலம் கடற்கரைச் சாலையில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திய பிறகு, காந்தி சிலைக்குப் பின்னால் சுவரில் உட்கார்ந்து நிரப்புவோம். காசு கிடையாது. வீட்டில் அந்த வாரம் பார்த்த எடையை அவரவர் சொல்ல வேண்டும். ஏற்றம் இரண்டு கிலோவுக்குள் இருந்தால் எண் எழுத வேண்டாம். ‘அதே’ என்று எழுதினால் போதும். இரண்டு கிலோ தாண்டினால் எண்ணை எழுதி, அடுத்த வாரத்துக்கு ஒரே ஒரு மாற்றம் எழுத வேண்டும். ராத்திரி டிபனில் ஒன்று குறைப்பது, ஒரு சுற்று கூட்டுவது, எதுவாகவும் இருக்கலாம். ஆனால் ஒன்றுதான். ஐந்து கிலோ ஏறிய பிறகு பஞ்சம் பிழைக்கப் புறப்படுவதைவிட இரண்டு கிலோவில் விழித்துக்கொள்வது சுலபம். இந்தக் கோட்டுக்கு நாங்கள் முசே கோடு என்று பெயர் வைத்தோம். அவருக்கு அதில் பெருமை.

*

எடையைக் காப்பதற்கு நம் ஊரில் தனியாக ஒரு தடை உண்டு. அது எந்தப் பாடப்புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. இளைத்தவரைப் பார்த்து நாம் பாராட்டுவதில்லை. “என்னாச்சு? சுகரா?” என்கிறோம். “துரும்பா இளைச்சுட்டியே, வீட்ல ஏதாவது பிரச்சனையா?” என்கிறோம். கன்னம் ஒட்டினால் துக்கம், கன்னம் உப்பினால் பூரிப்பு. இது நம் மொழியிலேயே ஊறியிருக்கிறது. டீச்சரின் மாமியார், மருமகள் இளைத்ததைத் தன் வீட்டுச் சோற்றுக்கு வந்த அவமானமாக எடுத்துக்கொண்டார். தட்டில் கேட்காமலே இன்னொரு கரண்டி விழும். வேண்டாம் என்று கையால் மறைத்தால், “பட்டினி கெடந்து சாகப் போறியா?” என்பார்.

டீச்சர் இதற்கு வழி கண்டுபிடித்தார். தனக்குத் தனிச் சமையல் என்பதை நிறுத்தினார். மாறாக, மாதச் சாமான் லிஸ்ட்டில் கை வைத்தார். ஆறு பேர் வீட்டுக்கு ஆறு லிட்டர் எண்ணெய் வந்துகொண்டிருந்தது. ஆளுக்கு அரை லிட்டர் என்று என்னிடம் கணக்குக் கேட்டுக்கொண்டு, ஒரு வருடத்தில் மெல்ல மூன்றரைக்கு இறக்கினார். எண்ணெய் ஒரு கிராமுக்கு ஒன்பது கலோரி. குறைந்தது யார் கண்ணுக்கும் தெரியாது. இன்னொன்று, பிள்ளைகள் தட்டில் விட்ட மிச்சத்தை வீணாக்கக் கூடாது என்று தின்பதை நிறுத்தினார். “என் வயிறு என்ன குப்பைத்தொட்டியான்னு கேட்டுட்டேன் மேடம்” என்றார். சோற்றுக்குப் பக்கத்தில் மீனோ முட்டையோ சுண்டலோ ஒவ்வொரு வேளையும் இருக்கும்படி பார்த்துக்கொண்டார். இளைக்கும்போது கொழுப்போடு தசையும் கொஞ்சம் போகும். அதை மீட்க வேண்டுமானால் புரதமும் வேண்டும், பளு தூக்கவும் வேண்டும். அவர் பளு தூக்கியது இரண்டு தண்ணீர்க் குடங்களை வைத்து.

83லிருந்து அவர் அடுத்த ஒன்றரை வருடத்தில் 74க்கு வந்தார். 68க்குப் போகவில்லை. நானும் போகச் சொல்லவில்லை. 68இல் அவர் நாள் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தாராம், வகுப்பில் பாடம் நடத்தும்போதுகூட. 74இல் அப்படி இல்லை. யாரும் அடைந்து காட்டக்கூடிய எடைக்கும் வாழ முடிந்த எடைக்கும் இடையில் சில கிலோ வித்தியாசம் இருக்கிறது. இதைக் கற்க எனக்குப் பதினைந்து வருடத் தொழில் தேவைப்பட்டது.

அந்தச் சில கிலோவுக்கு மதிப்பில்லையா என்று கேட்பவர்களுக்கு நம் சென்னைக் கதை ஒன்றைச் சொல்வேன். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சுகர் வரும் நிலையில் இருந்த 531 பேரை மூன்று வருடம் கவனித்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். உணவையும் நடையையும் சீர்படுத்திக்கொண்டவர்களுக்குச் சுகர் வரும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்தது. அவர்கள் எடை பெரிதாகக் குறையவே இல்லை. அமெரிக்காவின் இதே மாதிரி ஆய்வில், பத்து வருடம் கழித்து எடை பெரும்பாலும் திரும்பி வந்த பிறகும் வாழ்முறையை மாற்றியவர்களிடம் சுகர் 34 சதவீதம் குறைவாகவே இருந்தது. முள் காட்டாததையும் உடம்பு கணக்கில் வைத்துக்கொள்கிறது.

*

எங்கள் நோட்டுக்கு ஒரு பருவ காலம் உண்டு. பிப்ரவரியிலிருந்து செப்டம்பர் வரை பக்கம் பக்கமாக ‘அதே’. அக்டோபர் பிறந்தால் எண்கள் தலைகாட்டும். வடகிழக்கு மழை பிடித்ததும் நடை நிற்கும். தீபாவளிப் பலகாரம் டப்பாவில் நிற்கும். பிறகு கிறிஸ்துமஸ் கேக், புத்தாண்டுக்கு ஊருக்குள் பொங்கி வழிந்து பீச்சில் கால் வைக்க இடம் விடாத கூட்டம், பொங்கல், கல்யாண சீசன். நான்கு மாதத்தில் வருடம் முழுக்கக் காத்தது போய்விடும். இதைக் கண்டுபிடித்தது ஆய்வு எதுவும் இல்லை. பக்கங்களைப் புரட்டியபோது டீச்சர்தான் விரல் வைத்துக் காட்டினார். அதிலிருந்து செப்டம்பர் கடைசிப் புதனன்று ‘மழைத் திட்டம்’ எழுதுகிறோம். மாடிப்படி எத்தனை தடவை, யார் வீட்டு மொட்டை மாடிக்கு ஷெட் இருக்கிறது, பலகாரத்தை வீட்டில் சுடுவதா கால் கிலோ வாங்குவதா. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறி, ஒரே நாளில் கிட்டத்தட்ட அரை மீட்டர் மழையைக் கொட்டியது. அந்தப் புதன் யாராலும் வர முடியவில்லை. அடுத்த புதன் ஒன்பது பேர் வந்தார்கள். ஐந்து ‘அதே’, நான்கு எண்கள். புயலுக்குப் பிறகும் ஐந்து! தானே புயலோடு ஒப்பிட்டு எனக்குள் கொண்டாடிக்கொண்டேன்.

ஒன்பது பேர்தான். இதை மறைக்க விரும்பவில்லை. இதுவரை அறுபது பேருக்கு மேல் அந்த நோட்டில் எழுதியிருக்கிறார்கள். பாதிக்குமேல் விலகிப் போய்விட்டார்கள். சிலர் எடை திரும்பி வந்த வெட்கத்தில், சிலர் சலிப்பில். எடை குறையும்போது வாரவாரம் ஒரு பரிசு கிடைக்கிறது: முள் இறங்குகிறது, துணி தளர்கிறது, யாராவது கேட்கிறார்கள். காக்கும்போது எதுவும் நடப்பதில்லை. எதுவும் நடக்காமல் இருப்பதற்காகத் தினமும் உழைப்பது மனிதருக்குப் பழக்கமில்லாத வேலை.

2023இல் ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வின் முடிவு வெளியானது. சென்னை மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனின் ஆர்.எம். அஞ்சனாவும் வி. மோகனும் முன்னின்று நடத்திய, நாடு முழுக்க ஒரு லட்சத்துப் பதின்மூன்றாயிரம் பேரைச் சோதித்த ஆய்வு. உடல் பருமனில் நாட்டிலேயே முதலிடம் எங்கள் புதுச்சேரிக்கு: நூற்றுக்கு 53.3 பேர். வயிற்றுப் பருமனிலும் நாங்கள்தான் முதல், 61.2. அந்தச் செய்தி வந்த வாரம் கிளினிக்கில் கூட்டம் தாங்கவில்லை. பிறகு 2025 மார்ச்சில் எடை குறைக்கும் மௌஞ்சாரோ ஊசியும், ஜூனில் வெகோவியும் இந்தியக் கடைகளுக்கு வந்தன. இப்போது படியேறி வருகிறவர்களில் பலர் அதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பசியைக் கிளப்பும் செய்தியையே அடக்குகிற மருந்து அது. டாக்டர் பார்த்துக் கொடுத்தால் பலருக்கு நல்லது. நான் அதற்கு எதிரியில்லை. ஆனால் வெகோவியின் மருந்தான செமாக்ளூட்டைட் ஊசியில் 17 சதவீதம் எடை குறைந்தவர்கள் அதை நிறுத்தி ஒரு வருடம் ஆனபோது, இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். எனவே ஊசி போட்டுக்கொள்கிறவரிடமும் நான் முதல் நாளே கேட்பது ஒன்றுதான்: “நிறுத்தின பிறகு புதன்கிழமை வருவீங்களா?”

*

டீச்சர் போன வருடம் பணி ஓய்வு பெற்றார். மகளின் கல்யாணத்துக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்தவர், மேலே வந்து நோட்டைக் கேட்டார். அவர் பங்குக்கு நான்கு பக்கம் போதாமல் நாலாவது நோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. பதின்மூன்று வருடம். இடையில் 79 வரை ஏறிய ஒரு வருடம் உண்டு. கணவர் படுக்கையில் இருந்த வருடம் அது. மற்றபடி அதே, அதே, 76.5, அதே. புரட்டிவிட்டுச் சொன்னார்: “இதுல காட்டறதுக்கு ஒண்ணுமே இல்ல பாருங்க மேடம். முன்னாடி, பின்னாடின்னு போட்டோ எடுத்தா ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும்.”

“மாட்டட்டுமா?” என்றேன்.

“அடிச்சுடுவேன்” என்றார், டீச்சர் குரலில்.

அவர் போன பிறகு ஒருநாள் கீழே இறங்கினேன். அவருடைய கல்யாண ஜாக்கெட் பாயின் மெஷினில் இருந்தது. உட்புறம் பார்த்தேன். பட்டுத் துணி, இரண்டு பக்கமும் மூன்று விரல் மடிப்பு.

“இன்னுமா பாய்? பதின்மூணு வருஷமா அதே அளவுதானே அவங்களுக்கு. இப்பவாவது வெட்டலாமே?”

பாய் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“எதுக்கும்மா? அது பாட்டுக்கு உள்ள கெடக்கட்டும். அது என்ன, சோறா கேக்குது?”